காட்சிச் சாலையும் கழி நிலமும்: 'சோலோ ரோடு ட்ரிப்' வகைமை பற்றிச் சில குறிப்புகள்

நார்வேயின் ஃபியார்ட் பகுதியில் தனியாகக் கார் ஓட்டிப் போகும் தமிழ் வீடியோக்கள் இப்போது நிறைய வருகின்றன. கட்டுரைகளும் வருகின்றன. நான் இரண்டையும் விரும்பிப் பார்க்கிற, படிக்கிற ஆள்தான். ஆனால் ஒரு சனி, ஞாயிறில் நாலைந்தை அடுத்தடுத்துப் பார்த்தால் ஒன்று பிடிபட்டுவிடும். ஆள் மாறுகிறார், கார் மாறுகிறது, கதை மட்டும் மாறுவதில்லை. ஓஸ்லோவிலோ பெர்கனிலோ வாடகைக் கார். பெட்ரோல் விலையைப் பார்த்து ஓர் அதிர்ச்சி. சுரங்கப்பாதை முடிந்ததும் சட்டென்று விரியும் நீலத் தண்ணீர். ட்ரோல்ஸ்டீகன் மலைச்சாலையின் 11 கொண்டை ஊசி வளைவுகள். மேலே போனதும் ட்ரோன். அப்புறம் பானட் மேல் உட்கார்ந்துகொண்டு, வார்த்தையே வரவில்லை என்று ஒரு வாக்கியம். கடைசி இரண்டு நிமிடம், தனிமை எனக்கு என்ன கற்றுக்கொடுத்தது என்பது.

இதே வார்ப்பு நம் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் வந்துவிட்டது. அதிகாலையில் சென்னையை விட்டுக் கிளம்புவது, முட்டுக்காடு பாலம், மாமல்லபுரத்தில் டீ, மரக்காணம் உப்பளத்தில் ட்ரோன், புதுச்சேரி வெள்ளை நகரத்தில் மஞ்சள் சுவருக்கு முன்னால் போட்டோ. நான் இருப்பது பிள்ளைச்சாவடியில். இந்த வீடியோக்களில் எங்கள் ஊர் வருவது பெரும்பாலும் பாட்டு போட்டு வேகமாக ஓட்டிவிடும் பகுதியில்தான். அதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. எல்லா ஊரும் எல்லார் கண்ணிலும் பட வேண்டும் என்று சட்டமா இருக்கிறது?

நான் எழுப்ப நினைக்கிற விமர்சனம் வேறு. சாலையிலிருந்து தெரிவதுதான் நிலம் என்று இந்த வகைமை நம்மைப் பழக்கிவிடுகிறது. சாலைக்கும் தண்ணீருக்கும் நடுவே இருப்பவர்கள் அந்தப் பழக்கத்தால் காணாமல் போகிறார்கள். எங்கள் கரையில் இது உவமை இல்லை, நேர்ப்பொருளிலேயே நடந்துகொண்டிருக்கிறது.

முதல் இருக்கிறது, கரு எங்கே?

பயண எழுத்தை எடைபோட நமக்கு வெளியிலிருந்து கருவி எதுவும் தேவையில்லை. தொல்காப்பியத்தின் முதல், கரு, உரி என்ற பகுப்பே போதும். முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். கருப்பொருள் என்பது அந்த நிலத்தின் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில் எல்லாம். உரிப்பொருள் அங்கு வாழ்கிறவர்களின் உணர்வு. மூன்றும் சேர்ந்தால்தான் திணை.

இதை வைத்து ஒரு சோலோ வீடியோவை அளந்து பாருங்கள். முதற்பொருள் அட்டகாசமாக இருக்கும். நிலம் நாலாயிரம் பிக்சல் அகலத்தில் இருக்கும். பொழுதைச் சொல்லவே வேண்டாம், 'கோல்டன் ஹவர்' என்று காத்திருந்து எடுப்பார்கள். கருப்பொருள் ஏறக்குறைய பூஜ்யம். சாப்பாடு மட்டும் வரும், அதுவும் விலையோடு. அதை யார் பிடித்தார்கள், யார் வளர்த்தார்கள் என்பது வராது. உரிப்பொருளின் இடத்தில் வந்து உட்கார்ந்திருப்பது பயணியின் சொந்த மனநிலை. அந்த நிலத்தில் இருப்பவர்களின் சந்தோஷமும் துக்கமும் இருக்க வேண்டிய நாற்காலியில் நாம் ஏறி உட்கார்ந்துகொள்கிறோம்.

நெய்தலுக்கு நம் மரபு கொடுத்த உரிப்பொருள் இரங்கல். கடற்கரையைப் பார்த்ததும் 'வாவ்' என்று சொல்லாமல், கடலுக்குப் போனவர் வரக் காத்திருக்கும் மனதை அந்த நிலத்துக்கு உரியதாக வைத்தவர்களை நினைத்தால் வியப்பாக இருக்கிறது. கரையில் நின்று பார்க்கிறவரின் அழகியல் வேறு, கரையில் காத்திருப்பவரின் அழகியல் வேறு.

ஃபியார்டில் கேமராவுக்குத் தெரியாதது

ஃபியார்ட் என்பது பனியாறு குடைந்த பள்ளத்தாக்கு. பனியுகம் முடிந்து கடல் மட்டம் உயர்ந்தபோது அதற்குள் கடல் புகுந்தது. சோக்னெ ஃபியார்ட் சுமார் 205 கிலோமீட்டர் நிலத்துக்குள் போகிறது. ஆழம் 1,300 மீட்டருக்கும் மேல். வாய்ப்பகுதியில் மட்டும் ஆழம் குறைவு. வெளியே தெரியும் மலையைவிட உள்ளே மறைந்திருக்கும் பள்ளம்தான் விசேஷம், அது எந்த ட்ரோனுக்கும் அகப்படாது.

அந்தச் செங்குத்தான மலைச்சுவர்தான் அங்கே அழகு. ஆபத்தும் அதுதான். 1905இலும் 1936இலும் லோயன் என்ற இடத்தில் பாறைச் சரிவு ஏரியில் விழுந்து எழுப்பிய அலை, இரண்டு முறையும் ஊரை அடித்துக்கொண்டு போனது. முதல் முறை 61 பேர், இரண்டாம் முறை 74 பேர். இடையில் 1934 ஏப்ரலில் டாஃபியார்டில் 40 பேர். கெய்ராங்கர் ஃபியார்டில் 'ஏழு சகோதரிகள்' அருவியைப் படம் எடுக்காத பயணி கிடையாது. அந்த அருவிக்கு அருகில் மலை விளிம்பில் ஒரு பழைய பண்ணை இருக்கிறது. தலைக்கு மேல் தொங்கும் பாறைக்குப் பயந்து 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அதை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். இன்றைக்கும் அந்தப் பகுதியில் ஓக்கர்நேசெட் என்ற மலையின் விரிசல் ஒவ்வொரு நாளும் கருவிகளால் கண்காணிக்கப்படுகிறது. அது விழுந்தால் கெய்ராங்கருக்கு அலை வரும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். அதை வைத்து 2015இல் ஒரு சினிமாவே எடுத்துவிட்டார்கள். 2024இல் பாறை விழுந்து ட்ரோல்ஸ்டீகன் சாலையே அந்தப் பருவத்தில் மூடப்பட்டது. நம் பயணக் குறிப்புகளில் அது 'ப்ளான் மாறிவிட்டது' என்ற அளவில் வந்தது.

இங்கே ஒரு நியாயம் சொல்லிவிட வேண்டும். நார்வே அரசு தன் காட்சிச் சாலைகளை இந்த வீடியோக்களைவிடக் கவனமாக யோசித்திருக்கிறது. 'தேசியச் சுற்றுலாச் சாலைகள்' என்று 18 சாலைகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் நின்று பார்க்கும் இடங்களைக் கட்டடக் கலைஞர்களைக் கொண்டு வடிவமைத்திருக்கிறார்கள். நான் கவனித்தது அவற்றில் இரண்டை. வட கோடியில் வார்டோ என்ற ஊரில், 17ஆம் நூற்றாண்டில் சூனியக்காரர்கள் என்று குற்றஞ்சாட்டிக் கொல்லப்பட்ட 91 பேருக்கு ஒரு நினைவிடம். கட்டடக் கலைஞர் பீட்டர் சும்தோரும் சிற்பி லூயிஸ் பூர்ஷ்வாவும் செய்தது, 2011இல் திறந்தது. தென்மேற்கில் அல்மன்னயூவெ பள்ளத்தாக்கில், 1881 முதல் 1899 வரை நடந்த துத்தநாகச் சுரங்கத்தின் தொழிலாளர் வாழ்க்கையைச் சொல்லும் ஓர் அருங்காட்சியகம்; அதுவும் சும்தோர் செய்ததுதான். ஆக, அழகான சாலையில் துக்கத்துக்கும் உழைப்புக்கும் நிறுத்தம் வைக்க முடியும். வைத்திருக்கிறார்கள். அந்த நிறுத்தங்களில் நம் ஆட்கள் பெரும்பாலும் நிறுத்துவதில்லை என்பதுதான் விஷயம்.

நம்மூர் ஃபியார்ட்

நமக்கு ஃபியார்ட் கிடையாது. பனியாறும் கிடையாது, கடலோர மலையும் கிடையாது. ஆனால் கடல் நிலத்துக்குள் கை நீட்டும் இடங்கள் நமக்கும் உண்டு. அதற்குப் பழைய பெயர் கழி. சென்னையிலிருந்து தெற்கே வாருங்கள்: முட்டுக்காடு, முதலியார்குப்பம் பக்கம் ஒதியூர் ஏரி, மரக்காணத்தில் கடலோடு கலக்கும் கழுவெளி. ஃபியார்டுக்கு நேர் எதிர் இவை. ஆழம் இடுப்பளவு, பல இடத்தில் முழங்காலளவு. கோடையில் கழுவெளியின் பெரும்பகுதி காய்ந்து வெடிக்கும். மழைக்காலத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர். 2021இல் அதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள்.

ஆழமில்லாத அழகை கேமராவுக்குப் பிடிக்காது. அதனால் கழி என்பது பாலத்தைக் கடக்கும் பத்து விநாடி. ஆனால் இந்தக் கரையின் வாழ்க்கை முழுக்கக் கழியை ஒட்டித்தான் நடந்திருக்கிறது. இறால், நண்டு, உப்பு எல்லாம் அங்கிருந்துதான். சாலை வருவதற்கு முன் போக்குவரத்தும் அதில்தான். ஆந்திரத்திலிருந்து சென்னை வழியாக வரும் பக்கிங்காம் கால்வாய் வந்து முடிகிற இடம் மரக்காணம். உப்பும் விறகும் படகில் போன காலம் அது. அந்தக் கால்வாய்க்குப் பெயர் கொடுத்த பக்கிங்காம் பிரபு சென்னை ஆளுநராக இருந்தபோது, 1877–78 பஞ்சத்தில், கூலிக்கு ஆளெடுத்து அடையாற்றையும் கூவத்தையும் இணைத்து வெட்டினார்கள். நார்வேயிலும் இதே கதைதான்: ஃபியார்ட் ஊர்களுக்குத் தண்ணீர்தான் சாலை, தார்ச்சாலை பிறகு வந்தது. 1893இல் தொடங்கிய கடலோரக் கப்பல் சேவை இன்றைக்கும் ஓடுகிறது. நாம் கால்வாயைச் சாக்கடையாக்கிவிட்டோம்.

கிழக்குக் கடற்கரைச் சாலை இப்போது இருக்கும் வடிவில் புதியது. முன்பே இருந்த கிராமச் சாலைகளை இணைத்து, ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் போட்டு, 1998இல் திறந்தார்கள். 2002இல் சுங்கம் வந்தது. இப்போது மாமல்லபுரம் முதல் புதுச்சேரி வரை நான்கு வழியாக்கத் திட்டமிட்டு, தேசிய நெடுஞ்சாலை 332ஏ என்று எண்ணும் கொடுத்தாயிற்று. ஒவ்வொரு கட்டத்திலும் வேகம் கூடியது. வேகம் கூடக்கூடக் காட்சி பெரிதாகும், ஊர் சிறிதாகும்.

கலாப்பட்டு தாண்டியதும் வரும் ஊர்ப் பெயர்களைப் பாருங்கள். பிள்ளைச்சாவடி. கொஞ்ச தூரம் போனால் பெரியமுதலியார்சாவடி, சின்னமுதலியார்சாவடி. சாவடி என்றால் வழிப்போக்கர் தங்கும் இடம். வண்டியை அவிழ்த்துவிட்டு, தண்ணீர் குடித்து, யாரோ ஒருவரோடு பேசிக்கொண்டு இரவைக் கழிக்கும் இடம். ஒரே சாலையில் அடுத்தடுத்து மூன்று ஊர், நில்லுங்கள் என்று பெயரிலேயே சொல்லிக்கொண்டிருக்கின்றன. நாம் நாலாவது கியரில் போய்க்கொண்டிருக்கிறோம்.

இதே சாலையில் ஒரு பழைய பயணக் குறிப்பு

இந்தக் கரைக்கு ஒரு பயண நூல் ஏற்கெனவே இருக்கிறது. பத்துப்பாட்டில் உள்ள சிறுபாணாற்றுப்படை, 269 அடி. எழுதியவர் பெயரே இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். இடைக்கழிநாடு என்பது கற்பனை ஊர் அல்ல. இன்றைக்கும் செங்கல்பட்டு மாவட்டத்தில் இதே பெயரில் ஒரு பேரூராட்சி, இதே சாலையில், கடப்பாக்கம் பக்கத்தில் இருக்கிறது. ஆலம்பரைக் கோட்டை பார்க்கப் போகிறவர்கள் எல்லோரும் அதைக் கடந்துதான் போகிறார்கள். கடலுக்கும் கழிக்கும் இடைப்பட்ட நாடு. ஒரு புவியியல் வரையறையையே ஊருக்குப் பெயராக வைத்திருக்கிறார்கள்.

பரிசு பெற்ற ஒரு பாணன், எதிரே வரும் வறிய பாணனிடம் ஓய்மான் நாட்டு நல்லியக்கோடனிடம் போகச் சொல்லி வழி காட்டுவதுதான் பாட்டு. முதலில் வருவது எயிற்பட்டினம். இன்றைய மரக்காணம் என்று ஆய்வாளர்கள் அடையாளம் காட்டும் ஊர். அங்கே கடல் அலை கொண்டுவந்து ஒதுக்கிய அகில் கட்டைகள் தூங்கும் ஒட்டகங்கள்போலக் கிடக்கின்றன. அதை விறகாக்கி நுளைச்சி காய்ச்சிய கள்ளும், சுட்ட குழல் மீனும் உங்களுக்குக் கிடைக்கும் என்கிறான். அடுத்து வேலூர், அங்கே எயினர் வீட்டில் புளி சேர்த்த சூடான சோறு. (இது கோட்டை இருக்கும் வேலூர் அல்ல.) அடுத்து ஆமூர், உழவர் வீட்டில் வெண்சோறும் நண்டும். முடிவில் கிடங்கில், திண்டிவனத்தை ஒட்டி இருக்கும் ஊர்.

கவனியுங்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் நிலம் இருக்கிறது, சாப்பாடு இருக்கிறது, அதைச் சமைப்பவர் யார், எதை எரித்துச் சமைக்கிறார் என்பதும் இருக்கிறது. பத்து வரிக்குள் முதலும் கருவும் வந்துவிடுகின்றன. அதுவும் ஒட்டக உவமையைப் போன்ற ஒரு துல்லியமான காட்சியை விட்டுக்கொடுக்காமல். ஆகவே, தகவல் சேர்த்தால் அழகு கெட்டுவிடும் என்கிற சாக்கு செல்லாது.

இதைப் புனிதப்படுத்தவும் வேண்டியதில்லை. ஆற்றுப்படை என்பது அடிப்படையில் புரவலனைப் புகழும் பாட்டு. இன்றைய பாஷையில் சொன்னால் ஸ்பான்சர்ட் கன்டென்ட். வழியில் இருப்பவர்கள் எல்லோரும் சிரித்த முகமாகச் சோறு போடுகிறார்கள். ஒருத்தராவது முணுமுணுக்க வேண்டாமா? ஆனாலும் அதற்குள்ளேயே ஒரு காட்சி வருகிறது. பரிசு பெறுவதற்கு முன் அந்தப் பாணனின் வீடு எப்படி இருந்தது என்பது. கூரை சரிந்த அடுக்களையில், கண் திறக்காத குட்டிகளை ஈன்ற நாய் குரைக்கிறது. பசியால் மெலிந்த மனைவி குப்பைக்கீரையைக் கிள்ளி, உப்பில்லாமல் வேகவைக்கிறாள். அக்கம்பக்கத்தார் பார்த்துவிடக் கூடாது என்று கதவை அடைத்துவிட்டுக் குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்.

உப்பு விளையும் கரைக்கு வழி சொல்லும் பாட்டில், உப்பில்லாத கீரை. நான் இந்த இடத்தை எத்தனை முறை படித்தாலும் கொஞ்சம் நின்றுவிடுவேன். வழி சொல்கிறவன் தன் பசியை மறைக்கவில்லை. கேட்கிறவனும் பசியோடு இருக்கிறான் என்பது அவனுக்குத் தெரியும். அதனால்தான் அந்தத் தகவல்களுக்கு எடை வருகிறது. இன்றைய வ்லாகரும் கேட்கிறவருக்குத் தகவல் தருகிறார்: ஹோட்டல் வாடகை, சுங்கக் கட்டணம், பார்க்கிங். உபயோகமான விஷயங்கள்தான். ஆனால் அவை பயணியைப் பற்றிய தகவல்கள். ஊரைப் பற்றியவை அல்ல.

மணலின் கணக்கு

இப்போது எங்கள் கரை. இது எதற்கு விமர்சனக் கட்டுரையில் என்று கேட்கலாம். ஒரு வகைமை எதை விட்டுவிடுகிறது என்று சொல்ல வேண்டுமானால், விட்டுப்போனது என்ன என்று காட்டத்தானே வேண்டும்?

கடற்கரை மணல் நிலையாக இருப்பதுபோலத் தெரியும், உண்மையில் அது நடந்துகொண்டே இருக்கிறது. இந்தக் கரையில் வருஷத்தில் பெரும்பகுதி அலை தென்கிழக்கிலிருந்து சாய்வாக வருவதால் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் திசை மாறும். கழித்துப் பார்த்தால் மிச்சம் வடக்கே போவதுதான்; வருஷத்துக்குப் பல லட்சம் கன மீட்டர். சென்னைப் பக்கத்து மீனவர்கள் தெற்கிலிருந்து வடக்கே போகும் நீரோட்டத்தைத் தெண்டி என்றும், வடக்கிலிருந்து தெற்கே வருவதை வன்னி என்றும் சொல்வார்கள். பொறியியல் படிப்பு எதுவும் இல்லாமலே இந்தக் கணக்கு அவர்கள் பேச்சில் இருந்தது.

1980களின் பிற்பாதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காக அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் இரண்டு அலைத்தடுப்புச் சுவர்களைக் கடலுக்குள் நீட்டினார்கள். வடக்கே போக வேண்டிய மணல் தெற்குச் சுவரில் தேங்கியது. வீராம்பட்டினம் பக்கம் கரை அகன்றது; நகரத்தின் பக்கம் கரை கரைந்தது. நகரத்தைக் காக்கக் கருங்கல் கொட்டினார்கள். இன்றைக்கு ராக் பீச் என்று போட்டோ எடுத்துக்கொள்கிறோமே, அது இயற்கை கொடுத்த காட்சி என்று பலர் நினைக்கிறார்கள். மணல் போன இடத்தில் போட்ட கட்டுதான் அந்தக் கருங்கல் வரிசை.

கல் போட்ட இடத்தில் அரிப்பு நிற்கும், கல் முடிகிற இடத்தில் தொடங்கும். அப்புறம் அங்கே கல். வைத்திக்குப்பம், சோலை நகர், கோட்டக்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று வடக்கே வடக்கே ஏறி, பத்து கிலோமீட்டருக்கு மேல் தாண்டி எங்கள் ஊருக்கு வந்தது. என் தொழிலில் இதை தினமும் பார்க்கிறோம். ஒரு மாட்யூலில் பேட்ச் போடுவோம். பிரச்சினை தீராது, அடுத்த மாட்யூலுக்கு இடம் மாறும். அங்கே வேறு டீம். இங்கேயும் வேறு டீம்தான். கலாப்பட்டும் பிள்ளைச்சாவடியும் புதுச்சேரி. அடுத்து பொம்மையார்பாளையம் முதல் கோட்டக்குப்பம் வரை தமிழ்நாடு. அதன்பின் மறுபடி புதுச்சேரி. பிரெஞ்சுக்காரர்கள் கிழித்துவிட்டுப் போன எல்லை. மணலுக்கு அது தெரியாது. ஒரு அரசு தன் எல்லைக்குள் தூண்டில் வளைவு கட்டினால் அடுத்த அரசின் கரை கரைகிறது.

தீர்வே இல்லை என்று சொல்லவும் முடியாது. 2018–19இல் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் வடிவமைப்பில், தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் முக்கோண வடிவ இரும்புக் கட்டமைப்பு ஒன்றைப் போட்டார்கள். நகரத்தில் கொஞ்சம் மணல் திரும்பி வந்தது. சுற்றுலாப் பயணிகள் மறுபடி காலை நனைத்தார்கள், செய்திகளும் வந்தன. நல்ல விஷயம். ஆனால் மணல் முதலில் திரும்பியது சுற்றுலாப் பயணி நிற்கும் இடத்தில். படகை ஏற்ற இடமில்லாமல் தவிக்கும் இடத்தில் அல்ல.

மீனவர்களுக்குக் கரை என்பது காட்சி இல்லை. படகை ஏற்றி நிறுத்துவது, வலையைப் பிரித்துச் சரி பார்ப்பது, மீன் காயவைப்பது, ஏலம் விடுவது எல்லாம் அந்த மணலில்தான். கரைவலை இழுக்க நீண்ட மணற்பரப்பு வேண்டும். பரப்பு போனால் அந்தத் தொழிலே போகும். எங்கள் ஊரில் கடலோரத்து வீடுகளின் சுவர்களை அலை தின்றிருக்கிறது. கல் கொட்டச் சொல்லி மீனவர்கள் இதே கிழக்குக் கடற்கரைச் சாலையில் உட்கார்ந்து மறியல் செய்திருக்கிறார்கள்.

அந்த மறியல் நேரத்தில் சாலையில் மாட்டியவரின் பயணக் குறிப்பில் அது எப்படி வரும் என்று யோசித்துப் பாருங்கள். 'பாண்டிக்கு முன்னாடி செம ட்ராஃபிக்.' அவ்வளவுதான். பொய் இல்லை, அவர் பார்த்தது ட்ராஃபிக்தான். எதிரே கண்ணாடி, அதற்கு அப்பால் நிற்கும் வண்டிகள். காரணம் இருநூறு மீட்டர் கிழக்கே அலையில் கிடந்தது. அதற்கு இறங்கி நடக்க வேண்டும்.

தனியாகப் போவது குற்றமா?

இல்லை. தனியாகப் போகிறவருக்கு ஒரு பெரிய சௌகரியம் உண்டு. யாரையும் கேட்காமல் நிறுத்தலாம். குடும்பத்தோடு போகும்போது எனக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. ஒரு பெண் தனியாக இந்தச் சாலையில் ஓட்டிப் போவது இன்றைக்கும் ஓர் அறிவிப்பு மாதிரிதான். அந்த வீடியோவில் பயணியின் மனநிலைக்கு நியாயமான இடம் இருக்கிறது. அதை நான் மேலே சொன்ன கணக்கில் சேர்க்க மாட்டேன்.

தமிழில் தனியாகச் சுற்றியவர்களில் முன்னோடி ஏ.கே. செட்டியார். காந்தி பற்றிய ஆவணப்படத்துக்காக 1930களின் இறுதியில் கண்டம் கண்டமாகத் திரிந்து படச்சுருள் சேகரித்தார். படம் 1940இல் வெளியானது. 'உலகம் சுற்றும் தமிழன்' என்பது அவர் புத்தகத்தின் பெயர், பிறகு அவருக்கே அடைமொழியாகிவிட்டது. அவர் எழுத்தைப் படித்தால் ஆச்சரியம், அதில் அவர் இருக்கவே மாட்டார். சின்னச் சின்ன வாக்கியம். ரயிலில் எதிரே உட்கார்ந்தவர், விடுதிக்காரர், வழி சொன்னவர், அவர்கள் சொன்ன ஒரு பேச்சு, அதோடு நிறுத்திவிடுவார். தனியாகப் போனதால் அவருக்கு மற்றவர்கள் கிடைத்தார்கள். இன்றைய சோலோ எழுத்தில் தனியாகப் போனதால் 'நான்' கிடைக்கிறது. இரண்டுக்கும் உள்ள தூரம்தான் என் புகார்.

கேமராவையும் குறை சொல்ல மாட்டேன். கேமராவால் முடியாத வேலை இல்லை இது. நிறுத்தி, இறங்கி, ஒரு கேள்வி கேட்டால் கேமராவும் பதிவு செய்யும். கருவியின் குறை அல்ல, வார்ப்பின் குறை.

ஒரு சின்ன செக்லிஸ்ட்

விமர்சனம் எழுதுகிறவன் மாற்று ஒன்றும் சொல்லாமல் போவது எனக்குப் பிடிக்காது. இனி ஒரு ரோடு ட்ரிப் கட்டுரையையோ வீடியோவையோ பார்க்கும்போது நான் கேட்டுக்கொள்ளும் கேள்விகள் இவை. எழுதுகிறவர்களும் எடுத்துக்கொள்ளலாம்.

இந்தச் சாலை எப்போது வந்தது, அதற்கு முன் மக்கள் எதில் போனார்கள்?

இங்கே அழகாகத் தெரிவது எதனால் உண்டானது? அந்தக் காரணம் இன்னும் வேலை செய்கிறதா? (பாறைச் சுவர் இன்னும் விழுகிறது. மணல் இன்னும் நகர்கிறது.)

சாலைக்கும் தண்ணீருக்கும் நடுவே யார் இருக்கிறார்கள், என்ன வேலை செய்கிறார்கள்?

நான் சாப்பிட்டது எங்கிருந்து வந்தது?

இந்தத் தண்ணீரை, இந்தக் காற்றை அவர்கள் என்ன பெயர் சொல்லி அழைக்கிறார்கள்?

அஞ்சுக்கும் பதில் வேண்டும் என்பதில்லை. ஒன்றுக்கு வந்தாலே அது பத்து ட்ரோன் காட்சிகளுக்குச் சமம். நார்வேக்குப் போகிறவர் கெய்ராங்கரில் அருவியைக் காட்டும்போது மேலே உள்ள காலிப் பண்ணையையும் காட்டி, ஏன் காலியானது என்று ஒரு வரி சொன்னால் போதும். அந்த அருவி இன்னும் ஆழமாகத் தெரியும்.

இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சென்னையிலிருந்து வந்தால் கடல் உங்கள் இடது கைப்பக்கம். புதுவைப் பல்கலைக்கழகம் தாண்டியதும் வேகத்தைக் குறையுங்கள். பிள்ளைச்சாவடி பெயர்ப்பலகை வரும். கிழக்கே போகும் ஏதாவது ஒரு தெருவில் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கி நடந்தால் ஐந்து நிமிடத்தில் தெரு முடிந்துவிடும். காலையில் படகு வரும் நேரமாக இருந்தால், ஏலம் முடிகிறவரை காத்திருந்துவிட்டு யாரிடமாவது பேசுங்கள். முன்பு கரை எதுவரை இருந்தது என்று கேளுங்கள். கையை நீட்டிக் கடலுக்குள் ஓர் இடத்தைக் காட்டுவார்கள். அந்த இடத்தை வீடியோவில் எடுங்கள். தண்ணீர்தான் தெரியும். பரவாயில்லை.

(மரக்காணத்தில் கால்வாய் முடிகிற இடத்தைப் பற்றித் தனியாக ஒரு குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். அடுத்த மாதம்.)